நாய்க்கு லிவர் கோளாறா? கே.கே. நகர் கிளினிக் பற்றி

மதுரையில் நாய்க்கு ஈரல் பிரச்சினை என்றால் எங்கே காட்டலாம் என்று கேட்பவர்களுக்கு, கே.கே. நகரில் நாங்கள் போகும் சின்ன கிளினிக்கைத் தயங்காமல் சொல்வேன். எங்கள் லாப்ரடார் சரியாகச் சாப்பிடாமல், அடிக்கடி வாந்தி எடுத்து, மெலிந்துகொண்டே போனது. முதலில் காட்டிய வேறொரு இடத்தில் ரத்தத்தில் எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதி அதிகம் என்று லிவர் டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இங்கே டாக்டரம்மா முதலில் கேட்டது, அரிப்புக்கு ஸ்டீராய்டு ஏதாவது கொடுத்தீர்களா என்று. ஸ்டீராய்டு கொடுத்தாலே நாய்க்கு ஏஎல்பி என்ற இன்னொரு நொதி ஏறிவிடுமாம். எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் இரண்டுக்கும் பார்த்தார். சில வாரம் விட்டு மறுபடி ரத்தம் எடுத்தார், எஸ்ஜிபிடி இறங்கவே இல்லை. அது ஈரல் செல்கள் சேதமாவதைத்தான் காட்டும், ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாது, நோய் முற்றிச் சுருங்கிப்போன ஈரலில் நார்மலாகக்கூட வரும் என்று பொறுமையாக விளக்கினார். அதனால் ஈரல் தயாரிக்கும் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தார், அப்புறம் பித்த அமிலச் சோதனை: 12 மணி நேரம் பட்டினி போட்டு ஒரு ரத்தம், சாப்பாடு கொடுத்து 2 மணி நேரம் கழித்து இன்னொன்று. இதை வெளி லேபுக்கு அனுப்புவதால் ரிசல்ட் வரத் தாமதமாகிறது, அதுதான் எனக்கு இருக்கிற ஒரே குறை.

ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேன் நன்றாக இருந்தாலும் நாள்பட்ட ஈரல் அழற்சி இருக்கலாம், ஈரலில் துளி திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி செய்தால்தான் உறுதி என்று மழுப்பாமல் சொன்னார். அந்த வசதி தன்னிடம் இல்லை என்பதையும் மறைக்காமல், பயாப்ஸிக்கு முன் செய்யவேண்டிய ரத்தம் உறையும் சோதனையை இங்கேயே முடித்து, சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கடிதம் எழுதி, ஈரல் திசுவில் செம்பு அளவையும் பார்க்கச் சொல்லிக் குறிப்பிட்டுக் கொடுத்தார். லாப்ரடார்களுக்கு ஈரலில் செம்பு சேர்வது உண்டு, எங்களுடையதிலும் அதுதான் இருந்தது. ஈரல் நோய்க்கு ஈரலே நல்லது என்று ஆட்டு ஈரல் வாங்கிப் போடச் சொன்னவர்கள் எத்தனை பேர்! அதில்தான் செம்பு அதிகம், அடியோடு நிறுத்துங்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு சோதனைக்கும் முன்பே செலவைச் சொல்லிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. பட்டினிச் சோதனை என்றால் வார நாளில் காலை முதல் டோக்கனுக்கே போய்விடுங்கள், பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள், வரிசைப்படி பார்க்காமல் அவர் ஒன்றும் சொல்வதில்லை.