அழைப்பதா, காத்திருப்பதா, முறை வைப்பதா: மேசையில் பேசாத ஆட்டக்காரர்

கேரம் பலகையின் முன் ஒருவர் வாயே திறக்காமல் ஒரு மாலையைக் கழித்துவிடலாம். ஸ்ட்ரைக்கர் கைக்கு வந்தால் அவர் முறை வந்துவிட்டது, அவ்வளவுதான். வடசென்னையில் அப்படி வளர்ந்தவர்கள், 1974-இல் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போல, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியே கதையை நகர்த்தும் கதாபாத்திர விளையாட்டுக்கு முதன்முறை வந்து உட்காரும்போது திகைத்துப்போகிறார்கள். ஏனெனில் அங்கே கதையில் வரும் சண்டைக்கு வெளியே முறை என்று ஒன்று கிடையாது. யார் முந்திக்கொண்டு பேசுகிறாரோ அவர் போக்கில் கதை போய்விடுகிறது. பெரம்பூரில் நண்பர் வீட்டு மாடியறையில் ஐந்து பேருக்கு நான் ஞாயிறுதோறும் கதை நடத்துகிறேன்; அதாவது காட்சியை விவரித்து, அவர்கள் எதிரில் வரும் மற்றவர்களாகப் பேசுவது என் வேலை. அவர்களில் இருவர் பேசத் தொடங்கினால் ஓயமாட்டார்கள். ஒரு பெண் மூன்று மணி நேரத்தில் நான்கு வாக்கியம் பேசினால் அதிகம். அவர் பொருட்டு நான் கையாண்ட வழிகளைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பெயர் சொல்லி அழைத்து “நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்பது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கொடுமை இது. நான்கு ஜோடிக் கண்கள் திரும்பும் அந்தக் கணத்தில், எதையும் செய்யலாம் என்ற சுதந்திரமே கூச்சமுள்ளவரின் கழுத்தை நெரிக்கிறது. அதே அழைப்பைக் குறுக்கிக் கேட்டால் நிலைமை மாறுகிறது: “காவலாளி உங்கள் பையைச் சோதிக்க வருகிறான், கத்தியை ஒளிக்கிறீர்களா, அவன் முன்னே நீட்டுகிறீர்களா?” என்றால், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடலாம், அந்தச் சொல்லே கதையையும் திருப்பிவிடும்.

இதற்கு நேரெதிரானது, தானாகப் பேசட்டும் என்று காத்திருப்பது. கேட்டுக்கொண்டிருப்பதையே விரும்பி வருகிறவர்கள் உண்டு என்பதால் இதை முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் காத்திருப்பதும் மறந்துவிடுவதும் எதிரில் இருப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும். ஒரு நாள் ஆட்டம் முடிந்து படியிறங்கும்போது, “நான் இருந்தது உங்களுக்கு நினைவிருந்ததா?” என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேட்டார். அதன் பிறகு, கேட்காமலே ஊகித்துக்கொள்வதை நான் நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது வழி, சண்டையில் ஏற்கெனவே இருக்கும் ஒழுங்கைப் பிற இடங்களுக்கும் நீட்டுவது. சண்டை தொடங்கியதும் ஒவ்வொருவரும் இருபது முகப் பகடையை உருட்டி, தம் கதாபாத்திரத்தின் சுறுசுறுப்புக்குரிய எண்ணைக் கூட்டி வரிசையை முடிவுசெய்கிறார்கள். கதையில் ஆறு விநாடி நீளமுள்ள ஒவ்வொரு சுற்றிலும் எல்லோருக்கும் ஒரு முறை கிடைக்கிறது. கடைத்தெருவில் ஊமையாக இருந்தவர் சண்டையில் மட்டும் வாய் திறப்பதற்குக் காரணம் வீரம் அல்ல, இந்த வரிசைதான். எனினும் விருந்து, பேரம், விசாரணை என்று எல்லாவற்றுக்கும் முறை வைத்தபோது எங்கள் உரையாடல் ரேஷன் கடை வரிசையைப் போல ஆகிவிட்டது. இப்போது திட்டம் தீட்டும் கட்டத்தில் மட்டும் ஒரு சுற்று கேட்கிறேன். அதையும் அவரிடமிருந்து தொடங்குவதில்லை, அவரோடு முடிப்பதுமில்லை.

எழுத்து வழி இவற்றைவிட மென்மையானது. ‘டிரெட்’ என்னும் திகில் விளையாட்டில் பகடையே இல்லை. மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரம் சரியாமல் அதிலிருந்து கட்டை உருவுவதுதான், கதாபாத்திரம் முயல்வது பலிக்குமா என்பதற்கான சோதனை. கதாபாத்திரமோ, ஒரு கேள்வித்தாளுக்கு எழுதும் விடைகளிலிருந்து உருவாகிறது. அதைப் பார்த்து நானும் ஆட்டத்துக்கு முந்தைய நாள் மூன்று கேள்விகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மேசையில் நான்கு வாக்கியம் பேசுபவர், தம் கதாபாத்திரமான சூனியக்காரி ஏன் மணி ஓசைக்கு அஞ்சுகிறாள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அடுத்த வாரம் கதையில் கோயில் மணி ஒன்று ஒலித்தது. அது யாருக்காக ஒலித்தது என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பயன் தந்தது எந்த விதிநூலிலும் இல்லாத ஒன்று. எங்கள் விதிநூல் ஆங்கிலத்தில் இருப்பதால், நாங்கள் அறியாமலே குறும்பூதமும் அரசனும் ஆங்கிலம் பேசத் தொடங்கியிருந்தார்கள். தமிழ் வந்தாலும் ஏட்டுத் தமிழாக வந்தது. அவருடைய கூச்சத்தில் பாதி, தம் பேச்சு அந்த உலகத்துக்குப் பொருந்தாது என்ற எண்ணம்தான் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை. ஒரு துறைமுகப் பட்டினக் காட்சியில் சுங்கம் வசூலிக்கும் குறும்பூதத்தை நான் காசிமேட்டு மீன் ஏலக்காரரின் குரலில் பேசவிட்டேன். யாரும் அழைக்காமலே அவர் நிமிர்ந்து, “இன்னா நைனா, காலி கூடைக்கும் துட்டா? வழிய வுடு” என்றார். பேரம் கால் மணி நேரம் நடந்தது; ஓயாமல் பேசும் இருவரும் அப்போது கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டையே மாற்றுவதும் ஒரு வழி. கதை நடத்துபவரே இல்லாத ‘ஃபியாஸ்கோ’வில், தம் முறை வந்தவர் காட்சியைத் தாமே அமைக்கலாம், அல்லது அதைப் பிறரிடம் விட்டு முடிவை மட்டும் தாம் தீர்மானிக்கலாம். இரண்டாவது தேர்வு கூச்சமுள்ளவருக்கு நல்ல கதவு என்றாலும், காட்சிக்குள் நடித்தே ஆகவேண்டும் என்பதால் புதியவருக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

எனவே இப்போது முந்தைய நாள் கேள்வியும், குறுகிய அழைப்பும், நம் தெருப் பேச்சும்தான் என் மேசையில் நிலைத்திருக்கின்றன. அவர் அரசவைக் காட்சிகளில் இன்றும் பேசுவதில்லை. அந்த நேரத்தில் கோட்டையின் வரைபடத்தை வரைந்துகொண்டிருக்கிறார், தப்பிக்கும் வழியை மற்ற நால்வரும் அவரிடம்தான் கேட்கிறார்கள்.