எஸ்.ஜி.பி.டி. கொஞ்சம் கூடினால்: டானிக்கா, ஸ்கேனா, காத்திருப்பதா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் பரிசோதனையின் அளவு 68 என்று தடித்த எழுத்தில் வந்திருக்கிறது. 40 வரை இருக்கலாம் என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. இந்த இடத்தில் சிலர் லிவர் டானிக் வாங்குகிறார்கள், இல்லையென்றால் கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறார்கள். சிலர் நேராக வயிற்று ஸ்கேனுக்குப் போகிறார்கள். சிலர் மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொரு வழியும் உண்டு. ஏன் கூடியது, கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் ரத்தப் பரிசோதனையிலேயே விடை தேடுவது. என் ஓட்டு அதற்குத்தான்.

எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் செல்லுக்குள் இருக்கும் நொதிகள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். கல்லீரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை இவை சொல்லாது. அதற்கு ஆல்புமின், பிலிரூபின், ரத்தம் உறையும் நேரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

காத்திருப்பது எப்போது சரி? முந்தின வாரம் ஜிம்மில் கனமான எடை தூக்கியிருந்தால், டெங்கு மாதிரி ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தால் சரி. தசையிலும் இந்த நொதிகள் உண்டு. கடுமையான உடற்பயிற்சிக்குப் பிறகு ஒரு வாரம்கூட இவை கூடியே இருக்கலாம். சந்தேகம் இருந்தால் தசை நொதியை அளக்கும் சி.பி.கே. டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும். இப்படி ஒரு காரணமும் இல்லாதபோது சும்மா மறுபடி மறுபடி டெஸ்ட் எடுப்பதில் பயன் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு அடுத்த முறையும் கூடியேதான் இருக்கும். அதனால் காரணத்தைத் தேடுங்கள் என்றுதான் பிரிட்டன் மருத்துவர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

தேட வேண்டிய காரணங்களில் முதலிடம் ஃபேட்டி லிவருக்கு, அதாவது கல்லீரலில் கொழுப்பு சேர்வதற்கு. சர்க்கரை, தொப்பை, ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுதலாக உள்ளவர்களிடம் எஸ்.ஜி.பி.டி. பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி.யைவிடக் கூடியிருக்கும். எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போய், ஜி.ஜி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதியும் ஏறியிருந்தால் மதுவைப் பற்றி நேராகக் கேட்க வேண்டும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது. சி வகையை மாத்திரையாலேயே, பெரும்பாலும் 12 வாரத்தில், குணமாக்கிவிடலாம். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

அப்புறம் கீழாநெல்லி. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் இதற்கு ஒரு நிஜமான ஆராய்ச்சி வரலாறு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழு 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 22 பேரிடம் அந்த வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இல்லாமல் போனது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த ஆய்வும் ஹெபடைடிஸ் பி-க்குத்தான். ஃபேட்டி லிவரால் ஏறிய எஸ்.ஜி.பி.டி.க்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. கடை டானிக்கும் கொழுப்பையோ தழும்பையோ குறைக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. சில மூலிகைகளால் கல்லீரலே அடிபடவும் கூடும். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எனவே டாக்டரிடம் போகும்போது சூரணம், லேகியம், புரோட்டீன் பவுடர் எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும்.

ஸ்கேன் தேவையில்லாதது அல்ல. பித்தப்பைக் கல்லையும் பித்தநாள அடைப்பையும் அது காட்டும். ஆனால் கொழுப்பு குறைவாக இருந்தால் தவறவிட்டுவிடும். 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வந்தால் அந்த கிரேடு கொழுப்பின் அளவுதான். ஆரம்பக் கட்டத் தழும்பு சாதாரண ஸ்கேனில் தெரியாது. ஆயுளை முடிவுசெய்வது அந்தத் தழும்பு.

அந்தத் தழும்பை ரத்தப் பரிசோதனை எண்களிலிருந்தே கணிக்க ஃபிப்-4 என்ற கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். தட்டணுவை ஆயிரக்கணக்கில் எடுத்து (2.4 லட்சம் என்றால் 240), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் விடை. 45 வயதுக்காரருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 70, தட்டணு 2.4 லட்சம் என்றால் 1.08 வரும். 58 வயதுக்காரருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 62, எஸ்.ஜி.பி.டி. 50, தட்டணு 1.4 லட்சம் என்றால் 3.63 வரும். 1.3-க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடையில் இருந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாம். எஸ்.ஜி.பி.டி.யை மட்டும் பார்த்தால் முதலாமவர்தான் பயப்படுவார். உடனே கவனிக்க வேண்டியவர் இரண்டாமவர். 35 வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு சரியாக வராது. 65-க்கு மேல் 1.3-க்குப் பதில் 2-ஐ வரம்பாக வைப்பார்கள்.

தழும்பு இல்லாத ஃபேட்டி லிவருக்கு முதல் மருந்து எடைக் குறைப்பு. 80 கிலோ உள்ளவர் 6 முதல் 8 கிலோ குறைத்தால் அழற்சியே தணிய வாய்ப்பு உண்டு. கொலஸ்ட்ரால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நொதி லேசாக ஏறியதற்காக ஸ்டாட்டினை நிறுத்துவதில் ஆபத்துதான் கூடுதல். ஆனால் காசநோய் மருந்து சாப்பிடும்போது வாந்தியோ பசியின்மையோ வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். கண் மஞ்சளானாலும், சிறுநீர் கறுத்துப் போனாலும், வயிறு வீங்கினாலும் எந்த ஒப்பீட்டுக்கும் நேரம் கிடையாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.