ஸ்கிப் டாக்டர்: கீறிய சிடிக்குக் கைச்சக்கரம் எவ்வளவு தூரம் உதவும்?

பாட்டு நடுவில் திக்கினாலும் படம் ஓரிடத்தில் உறைந்தாலும் பலர் உடனே தேடுவது கீறல் நீக்கும் கருவியைத்தான். அந்த வகையில் பெயர் பெற்றது அமெரிக்காவின் டிஜிட்டல் இன்னோவேஷன்ஸ் நிறுவனம் விற்ற ஸ்கிப் டாக்டர். அதே அமைப்பில் வேறு பெயர்களில் வரும் கருவிகளும் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. நல்ல கருவிதான். ஆனால் அது தீர்க்கும் கோளாறு ஒன்றே ஒன்று: தகட்டின் அடிப்பக்கத்தில், அதிக ஆழமில்லாமல் விழுந்த கீறல். கோளாறு அதுதானா என்று பார்க்காமல் கைப்பிடியைச் சுற்றினால், நல்ல பரப்பை வீணாக இழைத்ததுதான் மிச்சம்.

பெட்டிக்குள் இருப்பவை கொஞ்சம்தான்: கருவி, அதில் பொருத்திய தேய்ப்புச் சக்கரம், ஸ்பிரே பாட்டிலில் திரவம், துடைக்க ஒரு துணி, மெருகேற்ற ஒரு ஃபெல்ட் துண்டு. கைப்பிடியைச் சுற்றினால் சக்கரம் வேகமாகச் சுழலும், தகடு மெதுவாக நகரும். தேய்ப்புக் கோடுகள் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி விழும்படி அமைத்திருக்கிறார்கள். இந்தக் கருவியின் மதிப்பு முழுவதும் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

சிடியில் தகவல் சுருள்பாதையாக உள்ளிருந்து வெளியே ஓடுகிறது. பாதைகளுக்கு நடுவே இடைவெளி 1.6 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மையத்திலிருந்து விளிம்புக்குப் போகும் கீறல் ஒவ்வொரு பாதையையும் குறுக்கே வெட்டிவிட்டுப் போய்விடும். ஒரு சுற்றில் இழப்பது கீறலின் அகலம் அளவுக்குத்தான். சிடியின் பிழைதிருத்த முறை, பாதையில் சுமார் 2.5 மி.மீ. நீளம் தொடர்ந்து காணாமல் போனாலும் முழுமையாக மீட்டுவிடும். அதைவிடக் கொஞ்சம் நீண்டால் ஆடியோ பிளேயர் அக்கம்பக்கத்து ஒலியை வைத்து இடைவெளியை நிரப்பும், காதுக்குப் பெரும்பாலும் தெரியாது. வட்டமாக, பாதையோடு சேர்ந்து ஓடும் கீறல் அப்படியல்ல. அது ஒரே பாதையில் சென்டிமீட்டர் கணக்கில் மறைத்துவிடும். லேசர் தடம் தவறி முன்னாலோ பின்னாலோ தாவும். ஆகவே ஸ்கிப் டாக்டர் போட்ட பிறகு தகடு முழுக்கச் சூரியக்கதிர் போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் பதறவே வேண்டாம். ஒரு கெட்ட கீறலைக் கரைத்து, அதற்குப் பதிலாகத் தீங்கில்லாத நூறு கோடுகளை அது வைத்திருக்கிறது.

இதெல்லாம் நடக்கக் காரணம், தகவல் நாம் தொடும் அடிப்பரப்பில் இல்லை என்பதே. 1.2 மி.மீ. தடிமனுள்ள பாலிகார்பனேட் என்ற தெளிவான பிளாஸ்டிக்கைத் தாண்டி, மேல்பக்கத்துக்கு அருகில் அது இருக்கிறது. லேசர் அடிப்பரப்பில் நுழையும்போது ஒளிப்பொட்டின் விட்டம் ஏறக்குறைய 0.8 மி.மீ.; தகவல் அடுக்கை எட்டும்போது 2 மைக்ரானுக்கும் கீழ். ஜன்னல் கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் வெளியே மரம் தெளிவாகத் தெரிகிறதல்லவா, அதே கதைதான். டிவிடியில் தகவல் அடுக்கு நடுவில், 0.6 மி.மீ. ஆழத்தில் இருப்பதால் அதற்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

ஆபத்து மேல்பக்கத்தில்தான். சிடியின் அச்சிட்ட பக்கத்துக்கும் அலுமினியப் படலத்துக்கும் இடையே இருப்பது சில மைக்ரான் அரக்குப் பூச்சு மட்டுமே. பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் போதும், தகவல் போய்விடும். ஆனாலும் பலர் அச்சிட்ட பக்கத்தைக் கீழே வைத்து மேசையில் தேய்ப்பதும், அதன்மேல் ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்ப்பதும் நடக்கிறது. ஸ்டிக்கரோடு படலமும் உரிந்து வரும். அதற்கு எந்தக் கருவியிலும் மருந்து இல்லை.

எனவே வாங்கும் முன் சோதனை. அடிப்பக்கம் கண்ணை நோக்கி இருக்கட்டும். தகட்டை வெளிச்சமான விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனைத் துளைகளாக ஒளி தெரிந்தால் அங்கே உலோகப்படலம் இல்லை. ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை. கூட்டமாகவோ பெரிதாகவோ இருந்தால் தேய்த்துப் பயனில்லை. விளிம்பிலிருந்து பழுப்பு நிறம் உள்ளே பரவியிருந்தாலும் அப்படியே. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ என்ற சிடி ஆலையில் அச்சான பல சிடிகளுக்கு இந்த வெண்கல நிற நோய் உண்டு. அடுத்து, நகத்தால் கீறலின் குறுக்கே மெல்ல வருடுங்கள். நகம் தட்டினால் கைச்சக்கரத்துக்கு அது ஆழம் அதிகம். கடைசியாக நடுத்துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைக் கணினி டிரைவில் போடவே கூடாது. 52 மடங்கு வேக டிரைவில் தகடு நிமிடத்துக்கு 10,000 சுற்றுவரை போகும். விரிசல் விட்ட தகடு உள்ளேயே உடைந்து சிதறக்கூடும்.

மூன்றிலும் தேறிய தகட்டையும் நேராகக் கருவிக்குக் கொண்டுபோக வேண்டாம். திக்கும் தகடுகளில் நிறைய வெறும் அழுக்கால்தான் திக்குகின்றன. விரல் ரேகை, சமையலறை எண்ணெய்ப் பிசுக்கு, கடலோர ஊர்களின் ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சை, இவை மூன்றும் கழுவினாலே பெரும்பாலும் போய்விடும். மண் துகள் ஒட்டியிருக்க, அதன்மேல் சக்கரத்தை ஓட்டினால் அந்தத் துகளே புதுக் கீறல் போடும்.

கழுவும் விதம் இது. முதலில் ஊதுபந்தால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். வெதுவெதுப்பான நீரில், ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, விரல் நுனியால் மையத்திலிருந்து விளிம்புக்கு நேராகத் தடவுங்கள். தூள், சபீனா, ஸ்க்ரப்பர் பக்கமே போகக் கூடாது. குழாய் நீரில் அலசியபின் கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரோ வேண்டும், ஏனென்றால் போர்த் தண்ணீர் காய்ந்தால் உப்புப் புள்ளி விடும். மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, மீதியையும் மையத்திலிருந்து வெளியேதான் துடைக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் துடைப்பதுதான் வீடுகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மேலே சொன்ன வட்டக் கீறலை நாமே உண்டாக்குகிறோம். டிஷ்யூ பேப்பரும் வேட்டித் துணியும் வேண்டாம். இரண்டிலும் ஒளிந்திருக்கும் மணல் கண்ணுக்குத் தெரியாது.

பிசுக்கு விடாவிட்டால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். சென்னை ரிச்சி தெரு போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைகளிலும் மொபைல் சர்வீஸ் பொருள் விற்பவர்களிடமும் கிடைக்கும். துணியில் சில சொட்டு விட்டு, அடிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். அச்சு மையில் பட்டால் கரையக்கூடும். கைக்குப் போடும் சானிடைசர் இதற்கு மாற்று ஆகாது. அதிலுள்ள கிளிசரின் படலமாகத் தங்கும். தின்னர், அசிடோன், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் எல்லாம் பாலிகார்பனேட்டைப் பனிமூட்டமாக்கிவிடும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனரையும் சேர்த்தே ஒதுக்குங்கள்.

இவ்வளவும் செய்தபின் அதே இடத்தில் திக்கினால், இப்போது ஸ்கிப் டாக்டருக்கு வேலை இருக்கிறது. அடிப்பரப்பு முழுக்க நனையும்படி ஸ்பிரே செய்து, கீறிய பக்கம் சக்கரத்தைப் பார்க்கத் தகட்டை மாட்டுங்கள். ஒரே சீரான வேகத்தில் கைப்பிடியைச் சுற்றுங்கள்; தகடு இரண்டு முழுச் சுற்று வந்தால் முதல் தடவைக்குப் போதும். நடுவில் நிறுத்தினால் சக்கரம் ஓரிடத்திலேயே அழுந்திப் பட்டையான தடம் விடும். துடைத்துவிட்டு ஃபெல்ட் துண்டால், இப்போதும் நேர்க்கோட்டில், மெருகேற்றிப் போட்டுப் பாருங்கள். தேறவில்லை என்றால் இன்னொரு முறை, அவ்வளவுதான். அதற்குமேல் தேய்ப்பது கீறல் ஆழமானது என்பதற்குச் சாட்சியே தவிர மருந்தில்லை.

இந்தக் கருவியில் கெட்டுப்போகும் விதம் பெரும்பாலும் ஈரம் குறைவதுதான். காய்ந்த சக்கரம் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, தேய்ந்த தூளையும் அதே பரப்பில் அரைத்து வெண்மூட்டம் உண்டாக்கும். திரவம் தீர்ந்துவிட்டதே என்று ஒதுக்கிவைக்கத் தேவையில்லை. வழுக்கவும் தூளை அகற்றவும்தான் அது, டிஸ்டில்ட் வாட்டரே அந்த வேலையைச் செய்யும். சக்கரம் வழவழப்பாகத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். உதிரிச் சக்கரம் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பெயர் தெரியாத நகல்களில் பலவற்றுக்குக் கிடைக்காது, கருவியையே தூக்கிப்போட நேரும். கைச்சுற்றா மோட்டாரா என்றால் என் தேர்வு கைச்சுற்றுதான். சக்கரம் சிக்கினாலோ ஈரம் காய்ந்தாலோ கைக்கு உடனே தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு இடம் உள்வளையம். சிடி படிக்கத் தொடங்குவது அங்கே. பாடல்களின் அட்டவணை, மையத்திலிருந்து 25 மி.மீ. ஆரத்துக்குள் இருக்கும் வளையத்தில் இருக்கிறது. ஒரு பாட்டு மட்டும் திக்காமல், பிளேயர் தகடே இல்லை என்று சொன்னால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான். அந்த வளையத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் தனியாகத் துடைத்துப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

புளூரேயில் இதைப் பயன்படுத்தவே கூடாது. அதில் தகவல் அடுக்கு அடிப்பரப்பிலிருந்து வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பரப்பின்மேல் கடினப் பூச்சு போட்டு வருகிறது. சக்கரம் அந்தப் பூச்சைப் பிய்த்தால் பாதுகாப்பே போயிற்று. புளூரேக்குத் துணியும் சோப்பு நீரும் மட்டும். வீட்டில் எழுதிய சிடிஆர் தகடுகளைத் தேய்க்கலாம், ஆனால் அவற்றில் படிக்க முடியாமைக்குக் காரணம் பெரும்பாலும் கீறலல்ல, தகவலைத் தாங்கும் சாயம் வெயிலில் மங்கியது. அடிப்பக்கம் கீறலில்லாமல் நன்றாக இருந்தும் எந்த டிரைவிலும் திறக்கவில்லை என்றால் சக்கரத்தை எடுக்காதீர்கள்.

பற்பசை தடவித் தேய்த்தால் கீறல் போகும் என்ற வைத்தியம் முழுப் பொய்யல்ல. வெள்ளைப் பேஸ்டில் மெல்லிய உராய்வுத் தூள் இருக்கிறது, ஜெல் வகையில் நடப்பது குறைவு. ஆனால் தூளின் அளவு ஒரே சீராக இருப்பதில்லை. பிளாஸ்டிக்குக்கென்றே வரும் பாலிஷ் கிடைத்தால் அதுவே மேல். வாஸ்லைன், மெழுகு தடவிக் கீறலை நிரப்புவது இன்னும் ஆபத்து: சுழலும் வேகத்தில் அது சிதறி லென்ஸில் போய் ஒட்டும்.

பிரஷ் ஒட்டிய லென்ஸ் கிளீனர் தகடுகளையும் இதே கடைகள் சேர்த்து விற்கின்றன. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. வேகமாகச் சுழலும் டிரைவில் பிரஷ் அதைத் தட்டினால் இடம் பெயரும். எல்லாத் தகடுகளும் திக்கினால் மட்டுமே லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும். திறக்க முடிந்த பிளேயரில், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல் ஒரு வருடு போதும்.

தேய்த்த தகடு ஒருமுறை படித்துவிட்டால் அன்றே கணினிக்கு ஏற்றிவிடுங்கள். ஆடியோ சிடிக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளின் பாதுகாப்பு முறையில், வேகத்தைக் குறைத்து. அது ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும், எந்தப் பாட்டில் சந்தேகம் என்றும் சொல்லும். டேட்டா டிவிடிக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் நல்லது. நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் அள்ளி, அடம்பிடிக்கும் இடங்களைக் கடைசியில் மறுபடி முயலும். பாதியில் நிறுத்தி அதே தகட்டை வேறு டிரைவில் போட்டும் தொடரலாம். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொன்று படிப்பது சாதாரணம். ஆகவே பழைய டிரைவைத் தூக்கிப்போடாமல் வைத்திருப்பது, இரண்டாவது ஸ்கிப் டாக்டர் வாங்குவதைவிட லாபம்.