புது பம்ப் என்று சொல்லிப் பழைய பம்ப்: பிக்கப் வண்டிக்குப் பவர் ஸ்டீயரிங் பம்ப் வாங்குபவர்கள் கவனிக்கவும்

பொலேரோ பிக்கப்புக்குப் புது பவர் ஸ்டீயரிங் பம்ப் என்று சொல்லி, கழுவி பெயின்ட் அடித்த பழைய பம்பை டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறது ஒரு ஸ்பேர்ஸ் கடை. மாட்டிய சில நாளிலேயே, லோடு ஏற்றிய வண்டியில் ஸ்டீயரிங் திருப்ப முடியாமல் இறுகியது. திருப்பிக் கொண்டுபோனால், "வீட்டுல மாட்டுனதுக்கு வாரன்டி கிடையாதுண்ணே. நீங்க ஏர் சரியா எடுக்கல, அதான் பம்ப் போச்சு" என்று பதில். (ஏர் எடுப்பது என்றால் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது.) பில்லில் "பம்ப் 1" என்று மட்டும் இருந்தது. பிராண்டும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை.

பழைய பம்ப் விற்பதில் தவறில்லை. சென்னை புதுப்பேட்டையில் கழற்றிய பம்பைக் கழற்றியது என்று சொல்லியே விற்கிறார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும். பழையதைப் புதுசு என்று சொல்லிப் புது விலை வாங்குவதுதான் மோசடி.

ஆயிலை அழுத்தித் தள்ளி ஸ்டீயரிங்கை லேசாக்கும் இந்தப் பம்பின் உள்ளே ரோட்டர் சுழலும்போது, அதன் பள்ளங்களில் இருக்கும் வேன் (vane) எனும் சிறிய தகடுகள் வெளியே தள்ளப்பட்டு, சுற்றியிருக்கும் கேம் ரிங் என்ற வளையத்தின் உட்சுவரை உரசியபடி ஓடும். அந்தச் சுவர் தேய்ந்து வரிவரியாகக் கோடு விழுந்துவிட்டால், ஆயில் பிரஷர் பக்கத்திலிருந்து உள்ளுக்குள்ளேயே கசிந்து திரும்பிவிடும். ரீகண்டிஷன் என்ற பெயரில் பலர் செய்வது ஆயில் சீலையும் ஓ-ரிங்கையும் மாற்றுவது மட்டும்தான். அப்படிச் செய்த பம்ப் வெளியே ஒழுகாது, ஆனால் உள்ளே பிரஷர் ஏறாது. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது ஸ்டீயரிங் லேசாகவே இருக்கும். கொஞ்ச தூரம் ஓடி ஆயில் சூடாகி இளகியதும், வண்டியை நிறுத்தி ஐடிலிங்கில் (ஆக்ஸிலேட்டர் மிதிக்காமல்) திருப்பினால் இறுகும். ஆக்ஸிலேட்டரைச் சற்று மிதித்தால் மறுபடி லேசாகும். பம்ப் உள்ளே தேய்ந்திருப்பதற்கு இது நல்ல அடையாளம்.

அதனால் கடையில், காசு கொடுக்கும் முன்பே, டப்பாவைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் போல்ட் போகும் காதுகள். ஒருமுறை வண்டியில் இறுக்கிய பம்பில் ஸ்பிரிங் வாஷர் கடித்த வட்டத் தடம் இருக்கும். மேலே சொன்ன பம்பில் பெயின்டைச் சுரண்டியதும் அடியில் அந்தத் தடம் தெரிந்தது. பெயின்டுக்கு அடியில் இருக்கும் தடத்தை "நீங்க மாட்டினதால வந்தது" என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்தது பிரஷர் ஹோஸ் உட்காரும் முகம். அங்கே காப்பர் வாஷர் அழுத்திய வளையம் இருக்கக் கூடாது, மரையில் கறுத்த ஆயில் ஒட்டியிருக்கக் கூடாது. போர்ட்களில் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா, வால்வு மூடியின் அறுகோணத் தலையில் ஸ்பேனர் பட்ட காயம் உண்டா, ஷாஃப்ட் நுனியில் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) கழற்றும் புல்லர் பிடித்த வடு உண்டா என்றும் பாருங்கள். பார்ட் நம்பர் இருந்த இடம் எமரி போட்டுத் தேய்த்ததுபோல் இருந்தால் அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அலுமினிய பாடிக்கு மேல் கெட்டியாக வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

டப்பாவில் தயாரித்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்.ஆர்.பி., புகார் எண் எல்லாம் அச்சாகி இருக்க வேண்டும். பில்லில் பிராண்ட், பார்ட் நம்பர், "புதியது" என்ற சொல் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கே வாங்காதீர்கள்.

பம்ப் வாங்குவதற்கு முன் கோளாறு பம்பில்தானா என்றும் பார்த்துவிட வேண்டும். பெல்ட் தளர்ந்திருந்தாலும் ஸ்டீயரிங் இறுகும். ஸ்டீயரிங் ஆயில் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் காய்ந்து கிளிப் பிடிக்காமல் போனால், வெளியே ஒரு சொட்டு ஒழுகாமலே காற்றை உறிஞ்சும், பம்ப் முனகும். ஒரு கிளிப்பில் முடிய வேண்டிய வேலைக்குப் பம்பை மாற்ற வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

இனி வேலை. ஆயில் எது என்பதை வண்டியின் மேனுவலில் பாருங்கள். பல வண்டிகளுக்கு டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். (ஆட்டோமேடிக் கியர் ஆயில்). கழுவி விடவும் சேர்த்து 2 லிட்டர் வாங்குங்கள். பிரேக் ஆயில் எக்காரணம் கொண்டும் ஊற்றக் கூடாது, சீல் ஊதிப் போய்விடும். ஹோஸைப் பிடிக்கும் துளையுள்ள பேன்ஜோ போல்ட் இருந்தால் இரு பக்கத்துக்கும் புதுக் காப்பர் வாஷர் போடுங்கள். புல்லி நட் போட்டதா, பிரஸ் செய்ததா என்று பார்த்து, பிரஸ் செய்ததானால் அதற்குரிய புல்லரும் ஏற்றும் டூலும் கொண்டுதான் மாற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் அடி நேராக ஷாஃப்ட் வழியே உள்ளே இறங்கும், புது பம்பும் வீணாகும். புல்லி பழைய உயரத்திலேயே உட்கார வேண்டும், இல்லையென்றால் பெல்ட் ஓரம் தின்னும்.

பழைய பம்ப் தேய்ந்து உதிர்த்த இரும்புத் தூள் ஆயிலில் மிதந்துகொண்டிருக்கும். அதை வெளியேற்றாமல் புது பம்பை மாட்டுவது பெரிய தப்பு. டேங்கைக் கழற்றிக் கழுவி அடியிலுள்ள வலையைப் பாருங்கள். முன் சக்கரம் இரண்டையும் ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டேங்கின் அந்த வாயை அடைத்து, இன்ஜினைப் போடாமல் ஸ்டீயரிங்கை மெதுவாக இருபுறமும் திருப்பித் திருப்பிக் கறுப்பு ஆயில் முழுவதும் வரவிடுங்கள்.

புது பம்பை மாட்டும் முன் உள்ளே கொஞ்சம் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றுங்கள். காய்ந்து ஓடினால் முதல் நிமிடத்திலேயே கோடு விழும். எல்லாம் இணைத்த பிறகு இன்ஜின் ஓடாமலே, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 15, 20 முறை மெதுவாகத் திருப்புங்கள். ஆயில் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழ் அடங்கிய பிறகுதான் ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் திருப்ப வேண்டும். கோடியில் 5 விநாடிக்கு மேல் பிடித்து நிறுத்தக் கூடாது.

ஏர் மிச்சமிருந்தால் ஆயில் நுரைத்து வெளிறும், இன்ஜினை நிறுத்தியதும் டேங்கில் மட்டம் சட்டென்று மேலே ஏறும். ஆயில் தெளிவாக, மட்டம் அசையாமல் இருந்தால் ஏர் இல்லை. இதை வீடியோ எடுத்து வையுங்கள். "ஏர் எடுக்கல" என்ற சாக்குக்கு இதுவே பதில். இன்னும் உறுதி வேண்டுமென்றால், பிரஷர் கேஜ் வைத்திருக்கும் பட்டறையில் அளந்து, அளவைக் கையெழுத்தோடு லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள்.

கடைக்காரர் மறுத்தாலும் வழி உண்டு. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. பிக்கப் வாடகைக்கு ஓடும் வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் பொருள் வாங்குபவர்களுக்குச் சட்டம் விலக்கு தருகிறது, அவர்களும் நுகர்வோரே. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

புகார் முடியும் வரை பம்பைப் பிரிக்காதீர்கள். டப்பாவையும் ஸ்டிக்கரையும் தூக்கிப் போடாதீர்கள். "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கறோம், வெச்சிட்டுப் போங்க" என்று கேட்டால், தேதியும் பார்ட் நம்பரும் எழுதிய ரசீதைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே பம்பைக் கொடுங்கள்.