பவரைக் கூட்டுவதா, வரிசையை மாற்றுவதா? என்ஆர்எஃப்24, ஈஎஸ்பி32 ஒப்பீடு

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் உள்ள மண்மேட்டில் சாய்வு சென்சரும் மழைமானியும் வைத்திருக்கிறோம். அவை அனுப்பும் தகவல் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருக்கும் சைரன் பெட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை அறிந்த எவருக்கும் இதில் ஒரு நிமிடத் தாமதம் சின்ன விஷயமல்ல. அதனால் என்ஆர்எஃப்24, ஈஎஸ்பி32 என்ற இரண்டு ரேடியோ மொடியூல்களையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன்.

முதலில் பவர். என்ஆர்எஃப்24எல்01 பிளஸ்ஸில் நாலே படிகள்: -18, -12, -6, 0 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு). ஈஎஸ்பி32இல் 8 முதல் 84 வரை எண் கொடுக்கலாம். ஓர் எண்ணுக்குக் கால் டிபிஎம், ஆனால் 80க்கு மேல் கொடுத்தாலும் 20ஐத் தாண்டாது, ஆக 2 முதல் 20 வரை போகும். தூரம் மட்டும்தான் கணக்கென்றால் ஈஎஸ்பிதான் கெட்டி. ஆனால் முழுப் பவரில் அனுப்பும்போது அது 240 மில்லி ஆம்பியர் வரை இழுக்கிறது. என்ஆர்எஃப்புக்கு 0 டிபிஎம்மில் 11.3 போதும். தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் சோலார் தட்டு நாள்கணக்கில் வெயிலைப் பார்க்காது. சைரன் தேவைப்படுவதும் அதே நாட்களில்தான்.

“அப்போ ஆம்ப் வச்ச என்ஆர்எஃப்பைப் போடு தம்பி” என்றார் தோட்டத்து எலக்ட்ரீஷியன் அண்ணன். ஆம்ப் என்றால் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர். போட்டேன். பவரைக் கூட்டக் கூட்டச் செய்திகள் தொலைந்தன. மொடியூலை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் 3.3 வோல்ட் பின் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் தராது, அந்த ஆம்புக்கு அது காணாது. தனி ரெகுலேட்டரும் மொடியூலின் காலடியிலேயே 10 மைக்ரோஃபரட் கெபாசிட்டரும் வைத்த பிறகுதான் அது ஒழுங்காக வேலை செய்தது.

பவரைக் கூட்டுவதை விட, தகவல் அனுப்பும் வேகத்தைக் குறைப்பதில்தான் ஆதாயம். என்ஆர்எஃப்பை 2 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 250 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் அதன் காது, அதாவது மெல்லிய சிக்னலைப் பிடிக்கும் திறன், -82இலிருந்து -94 டிபிஎம் வரை கூர்மையாகிறது. 12 டெசிபெல்! மறைப்பில்லாத வெளியில் அது நான்கு மடங்கு தூரம். பவரை -6இலிருந்து 0க்கு ஏற்றினால் கிடைப்பது 6 டெசிபெல்தான், இரண்டு மடங்கு. மூடுபனியைத்தான் எல்லாரும் குறை சொல்கிறார்கள். பனி 2.4 கிகாஹெர்ட்ஸை அவ்வளவாகத் தொடுவதில்லை, நனைந்த இலைதான் விழுங்குகிறது. ஆன்டெனாவைத் தேயிலைச் செடிக்கு மேலே உயர்த்தியதும் வித்தியாசம் தெரிந்தது.

இனி முன்னுரிமை. என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான். என்ஆர்எஃப்பில் அவசரச் செய்தி, சாதாரணச் செய்தி என்ற பேதமே கிடையாது. அனுப்பும் வரிசையில் மூன்று இடம், முதலில் வந்தது முதலில் போகும். பதில் வராவிட்டால் அதிகபட்சம் 15 தடவை திரும்ப அனுப்பும். அதுவும் தோற்றால் அந்தச் செய்தி வரிசையை விட்டு நகராது. தோற்றதும் சிப் தூக்கும் தோல்விக் கொடியை (ஓர் அடையாள பிட்) நிரலில் நாம் அழிக்கும் வரை பின்னால் வருவதும் போகாது. ஒருநாள் வெப்பநிலைச் செய்தி ஒன்று அப்படிச் சிக்கி நின்றது. அதன் முதுகில் சாய்வு அலாரம் காத்துக் கிடந்ததைக் கணினியின் சீரியல் மொனிட்டரில் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. அது சோதனைக்காக நானே தட்டிய அலாரம் என்பதால் தப்பித்தோம்.

ஈஎஸ்பியில் வைஃபை சொக்கெட் வழியாக அனுப்பினால் குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி என நான்கு முன்னுரிமை வகுப்புகள் உண்டு. குரல் வகுப்புக்குக் காற்றில் காத்திருப்பு குறைவு. ஆனால் அதற்கு ரவுட்டர் (அல்லது அந்த வேலையைச் செய்யும் இன்னொரு ஈஎஸ்பி) வேண்டும், மண்மேட்டில் ரவுட்டருக்கு எங்கே போவது? ரவுட்டர் இல்லாமல், ஈஎஸ்பிகள் தங்களுக்குள் நேரடியாகப் பேசும் ஈஎஸ்பி-நௌ முறையில் அனுப்பலாம், அதன் முதல் பதிப்பில் ஒரு செய்தி 250 பைட் வரை கொள்ளும். நான் அதில் அனுப்பியபோது அவசரத்துக்குத் தனி வரிசையை நிரலில் நானேதான் எழுதினேன்.

எப்படியும் கையால்தான் எழுத வேண்டுமென்றால், மண்மேட்டுக்கு ஆம்ப் இல்லாத என்ஆர்எஃப், 250 கேபிபிஎஸ், 0 டிபிஎம். மூன்று இடங்களில் ஒன்றை மட்டும் பயன்படுத்துகிறேன். அலாரம் வந்தால் கொடியை அழித்து, வரிசையைக் காலி செய்து, அதை முதலில் ஏற்றுகிறேன். மடுவத்திலிருந்து பதில் வரும் வரை என் நிரல் அதை விடாமல் அனுப்பும். மின்சாரம் உள்ள மடுவத்துப் பெட்டிக்கு மட்டும் ஈஎஸ்பி, மேட்டுச் செய்தியைக் கேட்க அதோடு ஒரு என்ஆர்எஃப்பும். அங்கே அதன் பசிக்குக் குறைவில்லை.