செயல்வழிக் கற்றல் அட்டைகள்: வேகம் குழந்தையுடையது, கேள்வி யாருடையது?

தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பல ஆண்டுகள் பாடநூலின் இடத்தைப் பிடித்திருந்தவை செயல்வழிக் கற்றல் அட்டைகள். சென்னை மாநகராட்சி ஆணையராக எம்.பி. விஜயகுமார் இருந்தபோது, 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய இம்முறை, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு விரிவுபடுத்தப்பட்டது. இதன் வேர் ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலி கிராமியக் கல்வி மையத்திலும், அதற்கும் முன்பு கர்நாடகத்தில் டேவிட் ஹார்ஸ்பரோ நடத்திய நீல்பாக் பள்ளியிலும் இருக்கிறது. மரபான வகுப்பறைக்கு இது எந்த அளவுக்கு மாற்றாகும் என்பதே இம்மதிப்புரையின் கேள்வி.

பாடம் முழுவதும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் அறிமுகம், பயிற்சி, வலுவூட்டல், மதிப்பீடு என்று தனித்தனி அட்டைகள் உள்ளன. சுவரில் தொங்கும் ஏணிப் படத்தில், நேற்று தான் நிறுத்திய இடத்தைக் குழந்தை தானே கண்டுபிடித்து, விலங்கு, பறவை போன்ற சின்னத்தைப் பார்த்து உரிய அட்டையை எடுத்துக்கொண்டு, அந்த அட்டை காட்டும் குழுவில் போய்ப் பாயில் அமர்கிறது. சில குழுக்களில் ஆசிரியர் உடனிருப்பார். சிலவற்றில் சக மாணவரே துணை. சிலவற்றில் குழந்தை தனியாகவே செய்யும். காய்ச்சலுக்காகவோ ஊர்த் திருவிழாவுக்காகவோ ஒரு வாரம் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். பாடம் நடந்து முடிந்துவிட்டது, பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள் என்று சொல்லும் வகுப்பறையில் படித்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இம்முறைக்கு உயர்ந்த மதிப்பெண் தரலாம்.

சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் கறுப்பு வண்ணம் பூசி, ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இடம் ஒதுக்கிய தாழ்நிலைக் கரும்பலகையும் குறிப்பிடத்தக்கது. எழுதுவதும் அழிப்பதும் குழந்தையின் உயரத்திலேயே நிகழ்வதால், தவறு என்பது சிவப்பு மையால் சுழிக்கப்படும் குற்றமாகத் தோன்றுவதில்லை. மதிப்பீடும் இன்னோர் அட்டையாக வந்துபோவதால் தேர்வு நாள் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

ஆனால் தனக்கேற்ற வேகத்தில் படிப்பது வேறு, தன் கேள்வியைத் தொடர்ந்து போவது வேறு. முதலாவதை இந்த அட்டைகள் சிறப்பாகச் செய்கின்றன. இரண்டாவதை ஏறக்குறைய தொடுவதே இல்லை. மணிகளை வைத்துக் கழித்தல் செய்யும் சிறுமி, சின்ன எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்தால் என்ன ஆகும் என்று கேட்டால், ஏணியில் அதற்கு அட்டை கிடையாது. பதில் சொல்ல வேண்டிய ஆசிரியரோ, முப்பது பிள்ளைகள் முப்பது படிகளில் நிற்பதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருப்பார். ரிஷிவேலியில் உள்ளூர்க் கதைகளையும் பாடல்களையும் அட்டைகளில் சேர்க்கும் பொறுப்பு ஆசிரியர்களுக்கும் இருந்தது. மாநிலம் முழுமைக்கும் ஒரே அச்சில் வந்தபோது அந்த உரிமை பெரிதும் சுருங்கிவிட்டது. இதுவே இதன் பெருங்குறை என்பது என் கருத்து.

நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. ஓர் அட்டை தொலைந்தால் அந்தப் படியில் பிள்ளைகள் வரிசையாகத் தேங்கி நிற்பார்கள். பையில் புத்தகமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, பிள்ளை என்னதான் படிக்கிறான் என்ற பெற்றோரின் குறையும் நியாயமானதே; அவர்களுக்கு அந்த ஏணியைப் படிக்க யாரும் சொல்லித்தரவில்லை.

பிற்பாடு இம்முறை எளிமையாக்கப்பட்டது. 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகக் குழந்தைகளைப் பிரித்துக் கற்பிக்கிறது. ஆளுக்கொரு படி என்ற நுணுக்கம் அதில் குறைவு என்றாலும், ஆசிரியரால் சமாளிக்கக்கூடியது.

ஓராசிரியர் பள்ளிக்கும் வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் குடும்பங்களுக்கும் அட்டை முறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அச்சிட்ட தொகுப்பை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், பாதி அட்டைகளையாவது தாங்களே எழுதுவது நல்லது. ஒவ்வோர் அலகின் இறுதியிலும் குழந்தையின் சொந்தக் கேள்விக்காக ஒரு வெற்று அட்டையை வைக்க வேண்டும். கணக்கைவிடச் சூழ்நிலையியலில் அதைத் தொடங்குவது எளிது. அங்கே எழும் பல கேள்விகளுக்கு விடை தேட, வாசலைத் தாண்டினாலே போதும்.