ஜெர்மேனியமா, சிலிக்கானா: ஃபஸ் பெடல் வாங்கும் முன்

ஃபஸ் பெடல், அதாவது கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக உடைத்துக் கொடுக்கிற, காலால் அமுக்கும் டப்பா, வாங்கலாம் என்று கிளம்பினால் முதலில் வந்து நிற்கிற கேள்வி, உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் ஜெர்மேனியமா சிலிக்கானா என்பதுதான். விசாரித்தால் பாதிப்பேர் "ஜெர்மேனியம் இதமா இருக்கும், சிலிக்கான் கூர்மையா இருக்கும்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் பணத்தை எடுத்து நீட்ட முடியாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிட்டாரின் வால்யூம் குமிழை எப்போதும் பத்திலேயே வைத்து வாசிக்கிறவருக்கு ஜெர்மேனியம் வீண் செலவு.

ஒப்பிடுவதற்கு ஃபஸ் ஃபேஸைவிட வசதியான பெடல் இல்லை. 1966-ல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்தது. மைக் ஸ்டாண்டின் அடிப்பாகத்தைப் பார்த்து அமைத்த வட்டமான டப்பா. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு குமிழ், அவ்வளவுதான். ஆரம்பத்தில் என்கேடி275, ஏசி128 போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1960களின் கடைசியில் பிசி183, பிசி108 என்று சிலிக்கானுக்கு மாறினார்கள். சர்க்யூட் ஏறக்குறைய அதேதான். கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இரண்டையும் வாசித்தார். பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர் 1970களின் தொடக்கத்தில் சிலிக்கான் பக்கம் வந்துவிட்டார். ஆக, பெரிய வாசிப்பாளர்களைச் சாட்சிக்கு இழுத்தால் தீர்ப்பு கிடைக்காது.

உண்மையான வித்தியாசம் கெய்னில், அதாவது டிரான்சிஸ்டர் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதில், தொடங்குகிறது. நல்ல ஜெர்மேனியம் ஃபஸ் ஃபேஸில் முதல் டிரான்சிஸ்டரின் கெய்ன் 70, 80 அளவிலும், இரண்டாவது 110, 130 அளவிலும் இருக்கும். பிசி108சி வகையில் அது 400-க்கு மேல். அதனால் சிலிக்கானில் ஒலி அலையின் முனை சீக்கிரம் வெட்டுப்படுகிறது, ஒலி நீண்ட நேரம் நிற்கிறது, பேண்டின் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு முன்னால் வருகிறது. நீண்ட லீட் வாசிக்கிறவருக்கு இது வரம்.

அப்புறம் வால்யூம் குமிழ். ஆம்பை, ஒலி கொஞ்சம் கரகரக்கத் தொடங்கும் நிலையில் வைத்து, பெடலில் ஃபஸ்ஸை முழுக்கத் திறந்துவிட்டு, கிட்டாரின் வால்யூமை மட்டும் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கிப் பாருங்கள். ஜெர்மேனியத்தில் ஃபஸ் மெல்ல விலகி, தடித்த ஓவர்டிரைவ் (ஃபஸ்ஸைவிட மிதமான கரகரப்பு) போல ஆகிவிடும். ஐந்தாறுக்கு வந்தால் பெடல் அணைந்துவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்குத் தெளிவு வரும். வெறும் ஆம்பில் கிடைக்காத ஒரு மினுமினுப்பு அதில் இருக்கும். ஓங்கி அடித்தால் மறுபடி உறுமும். ஒரே பெடலில் மூன்று நான்கு ஒலிகள், காலைத் தூக்காமலே. அதிக கெய்ன் உள்ள சிலிக்கானில் இதே வேலையைச் செய்தால் ஏழிலும் ஃபஸ், ஐந்திலும் ஃபஸ்தான். இன்னும் இறக்கினால் தெளியும், ஆனால் அதற்குள் ஒலி மெலிந்து, உச்ச ஸ்வரங்கள் துருத்திக்கொண்டு தெரியும்.

ஜெர்மேனியத்தின் அந்த 'இதம்' மந்திரமில்லை. ஏசி128 வேலை செய்யும் வேகம் ஓரிரு மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. கெய்ன் நூறுக்குப் பக்கத்தில் இருந்தால், காது கேட்கும் எல்லைக்குள்ளேயே உச்ச ஸ்வரங்கள் மழுங்கத் தொடங்கிவிடும். பிசி108 நூறு மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடக்கூடியது. ஒலி பளிச்சென்று இருப்பது அதனால்தான். சில நேரம் உங்கள் சோலோவுக்கு நடுவே உள்ளூர் வானொலி பேசுவதற்கும் அதே வேகம்தான் காரணம். சிறிய கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தால் வானொலி போய்விடும்.

இனி நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய விஷயம், வெயில். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரில், நாம் கேட்காமலே கொஞ்சம் மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். சுமார் பத்து டிகிரி ஏறினால் கசிவு இரு மடங்காகும். இருபது டிகிரி ஏசி அறையில் அழகாக வாசித்த பெடலை, மே மாதம் சென்னையில் நாற்பது டிகிரி திறந்தவெளி மேடைக்குக் கொண்டுபோனால் கசிவு நாலு மடங்கு. இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் 4.5 வோல்ட் சுற்றி நிற்க வேண்டிய பயாஸ், அதாவது வாசிக்காதபோது அங்கே நிற்கும் வோல்டேஜ், நழுவிவிடும். நழுவினால் ஸ்வரம் அறுந்து அறுந்து வரும், சத்தம் குறையும், நீண்டு நிற்க வேண்டிய இடத்தில் புஸ்ஸென்று போய்விடும். சந்தேகம் இருந்தால், மூடியைத் திறந்து அந்தக் கலெக்டரில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் சும்மா பிடியுங்கள். உடம்புச் சூட்டுக்கே எண் நகர்வது கண்ணுக்குத் தெரியும். சிலிக்கானிலும் கசிவு உண்டு, ஆனால் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. லண்டனில் பிறந்த சர்க்யூட், லண்டன் குளிருக்குச் சரியாகத்தான் இருந்தது.

கையில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் பிசி547 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர் சில ரூபாய்க்குக் கிடைக்கும், அதிலேயே கேட்கும்படியான ஃபஸ் செய்துவிடலாம். ஜெர்மேனியத்தை அப்படி நம்பி வாங்க முடியாது. மீட்டரின் கெய்ன் துளையில் செருகிப் பார்த்தால் கசிவையும் கெய்னாக எண்ணிக் காட்டும். 9 வோல்ட், கலெக்டரில் சுமார் 2.4 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்று வைத்து, டிரான்சிஸ்டரின் பேஸ் காலை எதிலும் சேர்க்காமல் ரெசிஸ்டரின் இரு முனையில் அளந்தால் கசிவு தெரியும். பேஸுக்கு 2.2 மெகா ஓம் வழியாக மின்சாரம் கொடுத்து மறுபடி அளந்து, முதல் எண்ணைக் கழியுங்கள். முதலில் 0.3, பிறகு 1.1 வோல்ட் என்றால் மீதி 0.8, அதாவது கெய்ன் சுமார் 80. துளையில் செருகியிருந்தால் இதே துண்டு இன்னும் பெரிய எண்ணைக் காட்டி ஏமாற்றியிருக்கும்.

மின்சார விஷயத்திலும் ஜெர்மேனியம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பழைய வகைகள் பெரும்பாலும் பிஎன்பி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை எர்த்தில். மற்ற பெடல்களில் நெகட்டிவ் எர்த். எல்லாவற்றையும் ஒரே சங்கிலி ஒயரில் மாட்டினால் பாசிட்டிவும் நெகட்டிவும் முட்டி ஷார்ட் ஆகும். தனியாகப் பிரிக்கப்பட்ட அவுட்புட் உள்ள பவர் சப்ளை வேண்டும், இல்லையென்றால் பேட்டரி. பேட்டரி ஒன்றும் பாரமில்லை, இந்த சர்க்யூட் ஒரு மில்லி ஆம்பியர்கூடக் குடிப்பதில்லை. இவ்வளவு கொஞ்சமாகக் குடிக்கிற சர்க்யூட்டில் 'கார்பன் பேட்டரிதான் போட வேண்டும்' என்று அடித்துச் சொல்கிறவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தீரப்போகிற பேட்டரியின் வோல்டேஜ் குறைந்து ஒலி மாறுவது வேறு கதை, அது உண்மை.

கிட்டாருக்கு அடுத்த இடம் ஃபஸ்ஸுக்குத்தான், முன்னால் பஃபர் (சிக்னலை வலுவாகக் கடத்தும் சர்க்யூட்) கூடாது, 'வா-வா' என்று ஒலியை வளைக்கிற வா பெடலோடு சண்டை போடும். இந்தத் தொல்லைகள் இரண்டுக்கும் பொது. இவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. கெய்ன் குறைவான சிலிக்கானாகப் பொறுக்கிப் போட்டு, உச்ச ஸ்வரங்களை ஒரு சிறு கெப்பாசிட்டரால் மழுக்கினால், வால்யூமை இறக்கும்போது ஜெர்மேனியத்துக்கு வெகு அருகில் வந்துவிடும். டிரான்சிஸ்டரின் பெயரைவிட அதன் கெய்னும் பயாஸும் பெரிய வேலை செய்கின்றன என்பது அப்போது காதிலேயே தெரியும். முதல் ஃபஸ் என்றால் நான் சிலிக்கான்தான் சொல்வேன், அதுவும் மேடை வாசிப்பென்றால் மறுபேச்சு இல்லை. வீட்டிலோ ஸ்டூடியோவிலோ வாசிக்கிறவர், விரல் எப்போதும் வால்யூம் குமிழில் இருக்கிறவர் ஜெர்மேனியத்துக்குப் போகலாம். போனால் வெளியே பயாஸ் குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கடையில் ஏசி ஓடும்போது கேட்ட ஒலியோடு நிறுத்தாமல், பெடலைக் கொஞ்ச நேரம் வெளிச் சூட்டில் வைத்துவிட்டு வந்து இன்னொரு தடவை வாசித்துக் கேட்டபிறகு விலை பேசுங்கள்.